முனைவர் ஆனவர் என்ன கண்டுபிடித்தார்?

பட்டமளிப்பு விழா மேடையில் முனைவர் பட்டம் பெறுபவருக்குக் கிடைப்பது சில விநாடிகள். பெயரை அழைப்பார்கள், மேடை ஏறுவார், பட்டத்தை வாங்கிக்கொண்டு படத்துக்கு ஒரு கணம் நிற்பார், இறங்கிவிடுவார். அவர் இத்தனை ஆண்டுகளாக எதைத் தேடினார், எதைக் கண்டார் என்பது அரங்கில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாலோருக்குத் தெரியாமலே விழா முடிந்துவிடும். ஆய்வுத் தலைப்பை நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தலைப்பு துறைக்குள் இருக்கும் சிலருக்காக எழுதப்பட்டது. வீட்டிலிருந்து வந்தவர்கள் அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, பெருமையோடு மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பெருமை உண்மையானது, அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தர முடியும் என்று நினைக்கிறேன். பட்டத்தைக் கொண்டாட ஒரு மேடையும் ஒரு மேலங்கியும் போதும். ஆய்வைக் கொண்டாட வேண்டுமானால் யாராவது அதைச் சொல்ல வேண்டும், யாராவது அதைக் கேட்க வேண்டும். முனைவர் பட்டம் தொடங்கிய காலத்தில் இந்தக் கேட்டலும் சொல்லலும்தான் கொண்டாட்டமாகவே இருந்தன. இடையில் எப்படி இரண்டும் பிரிந்தன, எங்கெல்லாம் இன்னும் பிரியாமல் இருக்கின்றன என்பது சுவையான வரலாறு.

முதலில் இந்தப் பட்டத்தின் தன்மையைப் பார்த்துவிடலாம். முதுகலை வரையிலான படிப்பில், கேள்வித்தாளைத் தயாரித்தவருக்கு விடை தெரியும். பி.எச்.டி.யில் நிலைமை வேறு. நெறியாளருக்கும் விடை தெரியாது, தேர்வாளருக்கும் தெரியாது. யாருக்காவது முன்பே தெரிந்திருந்தால் அது ஆய்வுக்குரிய கேள்வியே இல்லை. இதுவரை யாரும் அறியாத ஒன்றை, எவ்வளவு சிறியதானாலும், அறிவில் சேர்க்க வேண்டும். பட்டத்துக்கு எல்லா நாடுகளிலும் இருக்கும் நிபந்தனை இதுதான்.

'கடல் மாசு' என்று பெரிதாகத் தொடங்கும் ஒருவர், ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிர் ஒரு குறிப்பிட்ட வகை பிளாஸ்டிக்கின் மேல் எப்படிப் படிகிறது என்ற இடத்தில் வந்து நிற்பார். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு ஆசை சுருங்கிவிட்டதாகத் தோன்றும். உள்ளே இருப்பவருக்கோ அது முதல் வெற்றி. பதில் காணக்கூடிய அளவில் ஒரு கேள்வி கையில் கிடைத்துவிட்டது.

அப்புறம்தான் தோல்விகள் வரிசையாக வரும். கருவி சரியாக வேலை செய்யாது. ஆவணக் காப்பகத்தில் பட்டியலில் இருக்கும் கோப்பு அலமாரியில் இருக்காது. நேர்காணலுக்கு ஒப்புக்கொண்டவர்கள் பின்வாங்குவார்கள். பல மாதம் எழுதிய நிரூபணத்தின் நடுவில் ஓர் ஓட்டை தெரியும். வேறெங்கோ இருக்கும் ஒரு குழு அதே முடிவை முந்திக்கொண்டு வெளியிட்டுவிடும். ஆய்வேட்டில் இதில் பாதிகூட இடம்பெறாது. கேள்வி, முறை, தரவு, முடிவு என்று அது ஒழுங்காக நடந்து போகும். ஆய்வேட்டை மட்டும் படிப்பவருக்கு அது நடந்த விதம் தெரியாது. ஆய்வாளரின் உண்மையான பயிற்சியோ அந்த மறைந்த பகுதியில்தான் இருக்கிறது. தான் தவறு செய்கிறோமா என்று தானே சோதித்துப் பார்க்கவும், பிடித்த கருதுகோளைத் தரவு மறுக்கும்போது கைவிடவும் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்.

இன்னொன்றும் வெளியே அதிகம் தெரியாது. பி.எச்.டி. எந்த நாளில் முடிகிறது என்று சொல்வதே கடினம். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளா? வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வு முடிந்து, வெளியே காத்திருந்தவரை உள்ளே அழைத்து 'முனைவரே' என்று வாழ்த்திய நாளா? தேர்வாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்து கொடுத்த நாளா? பல்கலைக்கழகம் முறையாக ஏற்றுக்கொண்ட நாளா? பட்டமளிப்பு விழா இவை எல்லாவற்றுக்கும் பின்னால், பல மாதம் கழித்து வருகிறது. அதற்குள் பலர் வேறு ஊரில், வேறு நாட்டில் வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள். விழாவுக்கு வரவே மாட்டார்கள். நான்கு பாதி முடிவுகளுக்கு நடுவில் முழு மகிழ்ச்சி எங்கும் தங்காமல் போய்விடுகிறது. ஆய்வுத் துறைகள் தாங்களாகவே ஒரு நாளைக் குறித்து, அந்த ஆண்டு முடித்தவர்களை அழைத்து, அவர்கள் வேலையைப் பற்றிப் பேச வைப்பது இதனால்தான் முக்கியமாகிறது.

சரி, பழைய காலத்துக்குப் போவோம். இடைக்கால ஐரோப்பாவில், போலோன்யா போன்ற பல்கலைக்கழகங்களில், டாக்டர் பட்டம் என்பது ஆசிரியர் குழுவில் ஒருவராகச் சேரும் உரிமை. முதலில் மூடிய அறையில் ஒரு தேர்வு, பிறகு பேராலயத்தில் எல்லார் முன்னிலையிலும் ஒன்று. அந்தப் பொதுத் தேர்வில் மாணவர் உரையாற்றுவார், எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்வார். அதன் முடிவில் புத்தகம், மோதிரம், தொப்பி ஆகியவற்றை அளித்து அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொள்வார்கள். விருந்து புதிய டாக்டரின் செலவு. அது எல்லை மீறிப் போனதால் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபையே செலவுக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டியிருந்தது.

இந்த முறையின் மிகச் சிறந்த காட்சி 1678 ஜூன் 25 அன்று இத்தாலியின் பாதுவா நகரில் நடந்தது. எலெனா கோர்னாரோ பிஸ்கோப்பியா என்ற 32 வயதுப் பெண் தத்துவத்தில் டாக்டர் பட்டத்துக்கு நின்றார். உலகில் இந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று அறியப்படுபவர் அவர். இறையியலில்தான் பட்டம் கேட்கப்பட்டது. ஒரு பெண் இறையியல் டாக்டர் ஆவதை அந்நகர ஆயர் ஏற்கவில்லை, ஆகவே தத்துவம் என்று முடிவாயிற்று. பல்கலைக்கழக அரங்கு கூட்டத்தைத் தாங்காது என்பதால் நிகழ்ச்சியைப் பேராலயத்துக்கு மாற்றினார்கள். அரிஸ்டாட்டிலின் நூல்களிலிருந்து அங்கேயே எடுத்துக் கொடுத்த பகுதிகளை அவர் லத்தீனில் சுமார் ஒரு மணி நேரம் விளக்கினார். பிறகு புத்தகம், மோதிரம், தோள் ஆடை, லாரல் இலைகளால் ஆன முடி எல்லாம் அவருக்கு வந்தன. அன்று அங்கே கூடியவர்கள் ஒரு பட்டம் கைமாறுவதை மட்டும் பார்க்கவில்லை. ஒரு மனம் வேலை செய்வதைக் கேட்டார்கள்.

அதன் பிறகு நடந்தது வருத்தமானது. பாதுவா பல்கலைக்கழகம் பெண்களுக்கு அந்தக் கதவை மூடிவிட்டது. இத்தாலியில் அடுத்த பெண் டாக்டர், போலோன்யாவின் லாரா பாஸி, 1732இல்தான் வந்தார்.

இன்று நாம் அறியும் பி.எச்.டி., அதாவது புதிய ஆய்வு ஒன்றைச் செய்து பெறும் பட்டம், 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் உருப்பெற்றது. 1810இல் நிறுவப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகம் இதில் முன்னோடி. அமெரிக்காவில் யேல் 1861இல் முதல் முறையாக மூவருக்கு இந்தப் பட்டத்தை அளித்தது. ஆக்ஸ்ஃபோர்ட் 1917இல்தான் இதை ஏற்றுக்கொண்டது.

இந்த மாற்றத்தோடுதான் கேட்பவர்களின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது என்பது என் கணிப்பு. அரிஸ்டாட்டிலை எல்லாப் படித்தவர்களும் படித்திருந்தார்கள். எலெனாவின் விளக்கத்தை ஒரு பேராலயமே புரிந்துகொள்ள முடிந்தது. புதிய ஆய்வு என்று வந்த பிறகு ஒவ்வொருவரும் தனித்தனி மூலைக்குப் போனார்கள். ஒரே துறையில் பக்கத்து அறையில் இருப்பவருக்கே விளங்காத அளவு ஆய்வுகள் நுணுகின. அறிவு வளர்ந்ததன் விலை அது, தவிர்த்திருக்க முடியாது. ஆனால் விழா மட்டும் பழைய உடையோடு நின்றுவிட்டது. அங்கியும் தொப்பியும் மிஞ்சின, உரை போய்விட்டது.

சில நாடுகள் உரையை விடவில்லை. ஸ்வீடனில் வாய்மொழித் தேர்வுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாக ஆய்வேட்டைப் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். அதற்காக ஆய்வேட்டில் ஒரு துளையிட்டு, நிஜமாகவே ஆணி அடித்துப் பலகையில் மாட்டுகிறார்கள். சுற்றி நண்பர்கள் நின்று கைதட்டுகிறார்கள். யார் வேண்டுமானாலும் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கலாம் என்பது அந்த ஆணியின் பொருள். ஃபின்லாந்தில் தேர்வைத் தொடங்கும் முன் ஆய்வாளர், துறை சாராதவர்களுக்கும் புரியும்படி சுமார் 20 நிமிடம் பேசுவது மரபு. அன்று மாலை விருந்து. அதில் புதிய முனைவர், காலையில் தன்னைக் கேள்விகளால் துளைத்த எதிர்வாதிக்கு முறைப்படி நன்றி சொல்கிறார். உன் வேலையை இவ்வளவு கவனமாகப் படித்து எதிர்த்தவரே உனக்கு மிகப் பெரிய மரியாதை செய்தவர் என்று அந்த மேசை சொல்கிறது. எனக்கு இந்தப் பழக்கத்தின் மேல் தனி மதிப்பு உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய விழாவில் அங்கே முனைவர்களுக்கு உயரமான தொப்பியும் வாளும் கிடைக்கின்றன. வாள் உண்மைக்காகப் போராடுவதன் அடையாளம். முந்தைய நாள் சாணைக்கல்லில் அதைத் தீட்டுவதற்கென்றே ஒரு சடங்கு இருக்கிறது.

நெதர்லாந்தில் ஆய்வாளர் இரண்டு துணைவர்களோடு வந்து நிற்பார். கேள்விகள் நடந்துகொண்டிருக்கும்போதே, குறித்த நேரம் முடிந்ததும் பல்கலைக்கழக அலுவலர் கோலோடு உள்ளே வந்து நேரமாயிற்று என்று லத்தீனில் அறிவிப்பார். அந்த நொடியே வாக்கியத்தை நிறுத்திவிடலாம். அங்கே ஆய்வேட்டோடு சில கருத்துரைகளையும் தனித்தாளில் அச்சிடும் பழக்கம் உண்டு. அவற்றில் சில ஆய்வைப் பற்றியவை. சில அதற்குச் சம்பந்தமே இல்லாமல் சமூகத்தைப் பற்றியோ வாழ்க்கையைப் பற்றியோ இருக்கும். அவற்றின் மேலும் கேள்வி வரலாம்.

ஜெர்மனியின் வழக்கம் இன்னும் நெருக்கமானது. தேர்வு முடிந்து வெளியே வருபவருக்கு ஆய்வகத் தோழர்கள் தங்கள் கையால் அட்டையில் செய்த ஒரு தொப்பியை மாட்டிவிடுவார்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் பொருள்கள் எல்லாம் அவருடைய ஆய்விலிருந்தும் ஆய்வகத்தில் கழித்த நாள்களிலிருந்தும் வந்தவை. அவர் பயன்படுத்திய கருவியின் சிறு மாதிரி, அவர் ஆராய்ந்த உயிரினத்தின் உருவம், அடிக்கடி பழுதான ஏதோ ஒரு பாகம். அந்தத் தொப்பியைச் செய்ய வேண்டுமென்றால் செய்பவர்களுக்கு அவருடைய வேலை தெரிந்திருக்க வேண்டும். எந்தச் சோதனை அவரை அழ வைத்தது என்பது வரை தெரிந்திருக்க வேண்டும். கடையில் வாங்கும் எந்தப் பரிசிலும் இது வராது. கெட்டிங்கன் நகரில் புதிய முனைவர்கள் சந்தைச் சதுக்கத்துச் சிலையான வாத்துக்காரப் பெண்ணுக்கு முத்தமிட்டு மலர் வைப்பார்கள். 1926இல் நகர நிர்வாகம் அதைத் தடை செய்தது. பழக்கம் நிற்கவில்லை.

ஆய்வும் கொண்டாட்டமும் ஒரே இரவில் கலந்த ஒரு நிகழ்ச்சி 1903 ஜூனில் பாரிஸில் நடந்தது. கதிரியக்கப் பொருள்கள் பற்றிய தன் ஆய்வேட்டுக்காக மேரி க்யூரி மூவர் குழுவின் முன் நின்றார். அந்த மூவரில் காப்ரியேல் லிப்மன், ஆன்ரி முவாசான் ஆகிய இருவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள். மேரி அவர்களுக்கு முன்பே, அந்த ஆண்டின் முடிவிலேயே பெற்றுவிட்டார். தேர்வு நடந்த அன்று மாலை இயற்பியலாளர் பால் லாஞ்ஜவான் தன் வீட்டில் விருந்து கொடுத்தார். பாரிஸுக்கு வந்திருந்த எர்னஸ்ட் ரதர்ஃபோர்டும் வந்தார். இரவு எல்லோரும் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே மேரியின் கணவர் பியர் க்யூரி, ரேடியம் கரைசல் இருந்த ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். இருட்டில் அது பிரகாசமாக ஒளிர்ந்தது. அந்த வெளிச்சத்தில் பியரின் விரல்கள் வீங்கிப் புண்ணாகி இருந்ததை ரதர்ஃபோர்ட் கவனித்தார். ஆய்வின் அழகும் அது உடம்பிடம் வாங்கிய விலையும் ஒரே வெளிச்சத்தில் தெரிந்த இரவு அது.

அதே லாஞ்ஜவான் 21 ஆண்டுகள் கழித்து, 1924இல், லூயி த ப்ராய் என்ற மாணவரின் ஆய்வேட்டைப் படிக்கும் குழுவில் இருந்தார். பொருளுக்கும் அலைத்தன்மை உண்டு என்று அதில் எழுதியிருந்தது. குழுவால் உறுதியாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. லாஞ்ஜவான் ஒரு பிரதியை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதை உயர்வாக மதித்தார்; 1929இல் அதற்கு நோபல் பரிசு வந்தது. ஒரு மாணவரின் வேலையை முழுக்க ஏற்கத் தயங்கினாலும், ஒதுக்காமல் தகுந்த கண்களிடம் கொண்டு சேர்த்ததும் ஒரு பாராட்டுதான்.

ஆனால் இப்படிப்பட்ட கதைகளை மட்டும் சொல்வது, பட்டம் பெறும் மற்றவர்களுக்கு அநியாயம். பெரும்பாலான ஆய்வேடுகள் உலகைப் புரட்டுவதில்லை, புரட்ட வேண்டியதும் இல்லை. கணித மேதை எம்மி நோதர் 1907இல் எர்லாங்கனில் பட்டம் பெற்றார். தன் ஆய்வேட்டைப் பின்னாளில் அவரே குப்பை என்று ஒதுக்கினார். அவருடைய பெரிய தேற்றங்கள் எல்லாம் பிறகு வந்தவை. ஓர் ஏரியின் மீன் இனங்களைப் பொறுமையாகப் பட்டியலிட்ட ஆய்வை இன்று யாரும் கவனிக்காமல் இருக்கலாம். சில பத்தாண்டுகள் கழித்து அந்த ஏரி மாறிப்போனால், முன்பு அது எப்படி இருந்தது என்று சொல்ல அந்த ஆய்வேடு மட்டும்தான் இருக்கும். 'இந்த மருந்து இந்த நோய்க்குப் பயன்படவில்லை' என்ற முடிவும் முடிவுதான். அது அடுத்தவரின் நேரத்தைக் காப்பாற்றுகிறது. நடுத்தரமான, நேர்மையான, கவனமான ஆய்வுகளால்தான் ஒரு துறை நிற்கிறது. விருது பெற்றவரைப் பாராட்டும் அதே குரலில் இவர்களைப் பாராட்டவும் நமக்குத் தெரிய வேண்டும்.

கொண்டாடாமல் விட்டவர்களின் கணக்கும் இருக்கிறது. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோஸலின் பெல், ரேடியோ தொலைநோக்கியிலிருந்து வந்துகொண்டே இருந்த வரைபடக் காகிதங்களைக் கண்ணாலேயே அலசிக்கொண்டிருந்தார். அதில் எதிலும் பொருந்தாத ஒரு சின்னக் கிறுக்கல் தெரிந்தது. அதைக் குறுக்கீடு என்று தள்ளிவிடாமல் அவர் தொடர்ந்ததால், சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளாகத் தெரியும் பல்சார் என்ற விண்மீன்கள் அகப்பட்டன. ஆனால் அவருடைய ஆய்வேட்டின் தலைப்பு ஏற்கெனவே வேறு பொருளில் முடிவாகியிருந்தது. 20ஆம் நூற்றாண்டு வானியலின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று அந்த ஆய்வேட்டில் பின்னிணைப்பாகத்தான் இடம்பெற்றது. 1974இல் அந்தக் கண்டுபிடிப்புக்கான நோபல் அவருடைய நெறியாளருக்குப் போனது. 2018இல் அவருக்கு 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசு கிடைத்தபோது, முழுத் தொகையையும், வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து இயற்பியலில் ஆய்வு செய்ய வரும் மாணவர்களின் உதவித்தொகைக்கு அவர் கொடுத்துவிட்டார்.

இங்கெபோர்க் ராப்போபோர்ட்டின் கதை இன்னும் நீளமானது. 1938இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் தொண்டை அடைப்பான் நோய் பற்றி அவர் ஆய்வேடு எழுதி முடித்திருந்தார். தாய் யூத வம்சாவளி என்பதால் நாஜிச் சட்டங்கள் அவரை வாய்மொழித் தேர்வுக்கு அனுமதிக்கவில்லை. அவர் அமெரிக்காவுக்குப் போனார். பிறகு கிழக்கு பெர்லினில் பச்சிளங் குழந்தைகள் மருத்துவத்தில் பெயர்பெற்ற பேராசிரியரானார். 2015இல், அவருக்கு 102 வயதானபோது, பல்கலைக்கழகம் அந்தத் தேர்வை நடத்தியது. மரியாதைக்காக ஒரு பட்டத்தைக் கையில் கொடுத்துவிடவில்லை. பேராசிரியர்கள் பெர்லினில் அவர் வீட்டுக்கே போய் உண்மையான கேள்விகளைக் கேட்டார்கள். 1938க்குப் பிறகு அந்த நோயைப் பற்றி அறிவியல் என்னவெல்லாம் கண்டறிந்தது என்பதை அவர் நண்பர்களின் துணையோடு படித்துத் தயாராகியிருந்தார். பார்வை மங்கிவிட்டதால் நண்பர்கள் இணையத்தில் தேடிப் படித்துச் சொன்னார்கள். தேர்ச்சி பெற்றார், அந்த ஜூனில் பட்டம் பெற்றார். தனக்காக மட்டும் அவர் இதைச் செய்யவில்லை, அன்று அநீதிக்கு ஆளான எல்லோருக்காகவும் செய்தார். தேர்வை நடத்தியதுதான் அங்கே சரியான மரியாதை என்று நான் நம்புகிறேன். அவரிடமிருந்து பறிக்கப்பட்டது காகிதம் மட்டும் இல்லையே. தன் ஆய்வைப் பற்றிக் கேள்வி கேட்கப்படும் உரிமையும் சேர்ந்தே பறிபோயிருந்தது.

இன்று ஆய்வைப் பொதுமக்களிடம் கொண்டுபோகப் புதிய வழிகள் வந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் க்வீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய போட்டியில், ஒரே ஒரு அசையாத படத்தை வைத்துக்கொண்டு மூன்று நிமிடத்தில் ஆய்வைச் சொல்ல வேண்டும். இப்போது பல நாடுகளில் அது நடக்கிறது. அதே ஆண்டில் அறிவியல் செய்தியாளர் ஜான் பொஹானன், ஆய்வை நடனமாக ஆடிக் காட்டும் போட்டியைத் தொடங்கினார். இரண்டும் நல்லவை. இருட்டறையில் இருந்த வேலையை வெளிச்சத்துக்கு இழுத்து வருகின்றன. ஒரு குறை உண்டு: மூன்று நிமிடத்தில் அடங்கும் ஆய்வும் உண்டு, அடங்காததும் உண்டு. நோய்க்கு மருந்து தேடுபவருக்கு அது எளிது. ஒரு பழைய இலக்கண உரையின் பாடபேதங்களை ஒப்பிட்டவருக்கோ, நான்கு பரிமாண வடிவங்களைப் பற்றி எழுதியவருக்கோ, முதல் மூன்று நிமிடம் கேள்வியை விளக்கவே போதாது. அவர்களுக்கு நிதானமான ஒரு அரை மணி நேரத்தைத் தர வேண்டும்.

துறைகள் செய்யக்கூடியது பெரிய செலவில்லாத காரியங்கள்தான். அழைப்பிதழில் தலைப்புக்குக் கீழே எளிய மொழியில் நான்கு வரி போடலாம். அந்த வரிகளை ஆய்வாளரே எழுத வேண்டும், வேறு துறைக்காரர் ஒருவர் படித்துப் பார்த்துப் புரிகிறதா என்று சொல்ல வேண்டும். நெறியாளர் எழுந்து 'மிகவும் கடின உழைப்பாளி' என்று எல்லோருக்கும் சொல்வதையே சொல்லாமல், அந்த ஆய்வில் தான் மனம் மாற்றிக்கொண்ட ஓர் இடத்தைச் சொல்லலாம். கருவியைப் பழுது பார்த்துக் கொடுத்தவர், நூலகத்தில் கிடைக்காத இதழை வரவழைத்துத் தந்தவர், தரவைச் சுத்தம் செய்ய உதவிய இளநிலை மாணவர் எல்லோரும் கூட்டத்தில் இருக்க வேண்டும். ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தில் அவர்கள் பெயர் இருக்கும். அந்தப் பக்கம் சத்தமாக வாசிக்கப்பட்டு நான் எங்கும் கேட்டதில்லை. வாசிக்கலாம். ஆய்வேடு ஒரு மொழியிலும் வீட்டார் பேசுவது வேறு மொழியிலும் இருந்தால், ஐந்து நிமிடமாவது வீட்டு மொழியில் பேச இடம் தர வேண்டும். பெற்ற மகள் தன் வேலையைத் தன் மொழியில் விளக்குவதை முதல் தடவை கேட்கும் பெற்றோரின் முகத்தைவிட அந்த விழாவுக்கு வேறு அலங்காரம் தேவையில்லை.

விருந்தினராகப் போகும் நாமும் கேள்விகளைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். 'அடுத்து என்ன, வேலை கிடைத்துவிட்டதா?' என்பதுதான் புதிய முனைவர்களிடம் அன்று அதிகம் கேட்கப்படும் கேள்வி. பேராசிரியர் வேலைகள் குறைவு, பலரும் தொழிலுக்கோ அரசுப் பணிக்கோ பள்ளிகளுக்கோ போகிறார்கள். அந்தக் கேள்வி அவர்களைச் சங்கடப்படுத்தும், ஆய்வை விட்டுவிட்டுப் போகிறோமோ என்ற குற்ற உணர்வைக் கிளறும். அதற்குப் பதிலாக, தொடங்கும்போது நீங்கள் நம்பிய எது இப்போது தவறு என்று தெரிந்தது, யாரும் எதிர்பார்க்காத முடிவு எது என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் முகம் உடனே மலரும், பதில் நீளமாக வரும்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. பட்டம் வாங்கிய ஒருவர் கிளம்பும் முன், அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ஆய்வேட்டில் எழுதாதவற்றை மட்டும் அங்கே பேசலாம்: எந்தச் சோதனைகள் தோற்றன, எந்த வேதிப்பொருள் மாதக்கணக்கில் ஏமாற்றியது, எந்தக் காப்பகத்தில் பட்டியலை நம்பக்கூடாது, எப்போது நெறியாளரிடம் போய் 'இது நடக்காது' என்று சொல்லியிருக்க வேண்டும். இவை எந்த ஆய்விதழிலும் வராது. சொன்னவர் போய்விட்டால் அவரோடு போய்விடும். முதலாண்டு மாணவர்கள் குறிப்பேட்டோடு வரட்டும், கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வரட்டும். நேரம் போதாவிட்டால் இன்னொரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.